கேரபினரில் எடையை எங்கே குறைக்கலாம்? வாசகர் கேள்வி – பதில்

பாறையேற்றத்தில் ஒரு வகையான டிராட் கிளைம்பிங் பழகும் வாசகர்கள் பலர் இம்முறை கேரபினர் (கேட் எனப்படும், திறந்து மூடும் கதவுள்ள உலோக வளையம்), குயிக்டிரா பற்றியே கேட்டிருக்கிறார்கள். புதியவர்களுக்கு ஒரு விளக்கம்: பாறையில் முன்பே அடித்து வைத்த போல்ட்டை நம்பாமல், முன்னே ஏறுபவர் நட் (கம்பியில் கோத்த உலோக ஆப்பு), கேம் (விரிசலுக்குள் விரிந்து பிடிக்கும் கருவி) ஆகியவற்றை விரிசல்களில் தாமே செருகிக் கயிற்றை மாட்டிக்கொண்டு போவார்; பின்னே வருபவர் அவற்றைக் கழற்றிக்கொண்டு வருவார். இதுதான் டிராட். செருகிய பொருளையும் கயிற்றையும் இணைப்பது குயிக்டிரா. இரு முனையிலும் ஒவ்வொரு கேரபினர், நடுவே தைத்த பட்டை ஒன்று.

கே: இதுவரை போல்ட் அடித்த பாறைகளில் மட்டுமே ஏறிவந்தேன். ஷெஃபீல்டுக்குக் குடிவந்த பிறகு ஸ்டேனேஜ் பாறையில் டிராட் பழகுகிறேன். கோடையில் வேல்ஸில் நீண்ட ஏற்றங்களுக்கும் போக ஆசை. என்னிடம் போல்ட் பாறைக்கான 12 ஸ்போர்ட் குயிக்டிராக்கள் இருக்கின்றன. கடையில் 22 கிராம் கேரபினரைக் கையில் எடுத்துப் பார்த்ததிலிருந்து எல்லாவற்றையும் அதற்கே மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறேன். – வாசகி, ஷெஃபீல்டு

ப: மாற்றுங்கள். ஆனால் எல்லாவற்றையும் 22 கிராமுக்கு மாற்ற வேண்டாம். ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

கனமான கேட் உள்ள ஸ்போர்ட் கேரபினர் ஒன்று 40 கிராமை ஒட்டி இருக்கும். இரண்டுக்கு 80, நடுவில் உள்ள அகலமான நைலான் பட்டைக்கு 20. ஒரு குயிக்டிரா 100 கிராம், 12 சேர்ந்தால் 1,200 கிராம். இப்போது 27 கிராம் வயர்கேட் (கம்பியாலான கேட் உள்ள கேரபினர்) இரண்டையும் 10 கிராம் டைனீமா (இலேசான செயற்கை இழை) பட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள்: ஒன்று 64 கிராம், 12 சேர்ந்து 768 கிராம். இடுப்பிலிருந்து 430 கிராமுக்கு மேல் இறங்கிவிட்டது. இது ஏறும்போது நன்றாகவே தெரியும். அங்கிருந்து 22 கிராமுக்கு இறங்கினால் ஒரு குயிக்டிராவுக்கு 10 கிராம், மொத்தமாக 120 கிராம்தான் குறையும்.

அந்தக் கடைசி 120 கிராமுக்குக் கொடுக்கும் விலை பெரிது. கேம்ப் நிறுவனத்தின் நானோ 22, ஏறக்குறைய 20 கிராம் மட்டுமே உள்ள எடெல்ரிட் நைன்டீன் ஜி போன்றவை இலேசாக இருப்பதற்கு முதல் காரணம் அவற்றின் சிறிய உருவம். கேட் திறக்கும் இடைவெளி குறுகலாக இருக்கும். ஒரு கை பாறையைப் பற்றியிருக்க, மறு கையின் குளிரில் மரத்த விரல்களால் கயிற்றை உள்ளே தள்ளும்போது விரல்நுனி கேட்டில் சிக்கும். கையுறை போட்டிருந்தால் இன்னும் மோசம். குளோவ் ஹிட்ச் போட்டால் முடிச்சு உள்ளே அடங்காமல் கேட்டை முட்டிக்கொண்டு நிற்கும். கயிறு ஓடும் வளைவின் அகலமும் குறைவு என்பதால் விழும்போது கயிறு கூர்மையாக மடங்குகிறது, அலுமினியமும் சீக்கிரம் தேய்கிறது. பிடி நழுவப்போகும் நேரத்தில் கயிற்றை மாட்ட இரண்டு விநாடி கூடுதலாகப் போராடினால், 120 கிராமில் மிச்சப்படுத்திய தெம்பு அங்கேயே போய்விடும்.

எனவே எங்கள் பரிந்துரை 25 முதல் 34 கிராம் வரை. குயிக்டிராவின் இரு முனைக்கும் ஒரே கேரபினர் வேண்டியதில்லை. கயிற்றுப் பக்கத்துக்கு உள்ளங்கையில் நன்றாக உட்காரும் பெரியதைப் போடுங்கள். நட், கேம் பக்கத்துக்குச் சிறியது போதும். அங்கே கயிறு ஓடுவதில்லை, அவசரமாகக் கயிற்றைத் திணிக்கும் வேலையும் இல்லை. பெட்சில் நிறுவனத்தின் ஆஞ்ஜ் ஒரே வடிவில் இரண்டு அளவாக வருவது இதற்கு வசதி: எல் 34 கிராம், எஸ் 28 கிராம். இலேசிலும் இலேசானது கட்டாயம் வேண்டும் என்றால் அதையும் நட் பக்கத்துக்கே வைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் வேறு வேறு நிறமாக இருந்தால் எது எந்தப் பக்கம் என்று பார்த்தவுடன் தெரியும்.

எத்தனை வேண்டும்? ஸ்டேனேஜின் கிரிட்ஸ்டோன் (கரடுமுரடான மணற்கல்) ஏற்றங்கள் பெரும்பாலும் 10 முதல் 20 மீட்டர். விரிசல்கள் நேராகப் போகும் இடத்தில் 12 முதல் 18 செ.மீ. நீளக் குயிக்டிரா நான்கும், 60 செ.மீ. ஸ்லிங்கில் (வளையமாகத் தைத்த பட்டையில்) செய்த நீட்டக்கூடிய குயிக்டிரா நான்கும் போதும். வேல்ஸில் ஐட்வல் ஸ்லாப்ஸ், டிரெமடாக் என்று போகும்போது விகிதத்தை மாற்றுங்கள்: குட்டையானவை நான்கு, 60 செ.மீ. ஆறு, 120 செ.மீ. ஸ்லிங் இரண்டு. 40 மீட்டர் பிட்சில் (ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்தது வரையான ஏற்றத்தில்) மூன்று நான்கு மீட்டருக்கு ஒன்று வீதம் செருகினால் பத்துக்கு மேல் செலவாகிவிடும். பிலே இடத்துக்கும் (நின்று மற்றவரின் கயிற்றைப் பிடிக்கும் இடம்) ஒன்றிரண்டு மீதி வேண்டும். 120 செ.மீ. ஸ்லிங்கைப் பாறைமுனை, மரம் இவற்றைச் சுற்றிப் போடலாம்.

கேரபினரை விட்டு வேறு இடங்களிலும் பாருங்கள். அகலமான 60 செ.மீ. நைலான் ஸ்லிங் 40 கிராம் வரை இருக்கும், 8 மி.மீ. டைனீமா அதில் பாதி. ஆறு ஸ்லிங்கிலேயே 120 கிராம் குறைந்துவிடும், அதுவும் கைக்கு எந்தச் சிரமமும் தராமல். மீட்டருக்கு 62 கிராம் உள்ள 60 மீட்டர் கயிற்றுக்குப் பதில் 57 கிராம் கயிறு எடுத்தால் 300 கிராம். பழைய ஸ்போர்ட் குயிக்டிராக்களைத் தூக்கிப் போட வேண்டாம். போல்ட் பாறைக்கு அவைதான் சரி. கனமான கேரபினர் அங்கே நீண்டநாள் உழைக்கும்.

கே: ராமநகராவில் ஏறுகிறோம். கேரபினரின் முதுகில் மூன்று எண்கள் இருக்கின்றன. 24 போட்டது 20 போட்டதைவிடப் பாதுகாப்பானது என்கிறார் நண்பர். அப்படியானால் இணையக் கடையில் மலிவாக விற்கும் 25 கிலோநியூட்டன் கேரபினரை வாங்கலாமா? – வாசகர், பெங்களூரு

ப: முதலில் எண்கள். ஒரு கிலோநியூட்டன் என்பது ஏறத்தாழ 100 கிலோ எடை தொங்கும்போது வரும் இழுவிசை. பக்கவாட்டு அம்புக்குறியோடு முதலில் இருப்பது, கேட் மூடியிருக்கும்போது நீளவாக்கில் தாங்கும் வலு. மேல்கீழ் அம்பு, குறுக்குவாக்கில் தாங்குவது. கேட் திறந்த படம் போட்டிருப்பது, கேட் திறந்த நிலையில் நீளவாக்கில் தாங்குவது. சாதாரணக் கேரபினருக்கு ஐரோப்பியத் தரமான ஈ.என். 12275 கேட்கும் குறைந்தபட்சம் முறையே 20, 7, 7 கிலோநியூட்டன்.

20-க்கும் 24-க்கும் உள்ள வேறுபாட்டை நீங்கள் பாறையில் உணரவே மாட்டீர்கள். விழுபவரின் பக்கம் கயிற்றில் 4 கிலோநியூட்டன் வந்தால், மேல் கேரபினரில் உராய்வு கொஞ்சத்தை விழுங்கிவிட, பிலே பக்கம் அதைவிடக் குறைவாகவே வரும். இரண்டும் சேர்ந்து மேல் கேரபினரை இழுப்பது விழுபவர் பக்க விசையைப் போல 1.6 மடங்கு, அதாவது 6.5 கிலோநியூட்டனுக்குக் கிட்டே. கேட் மூடியிருந்தால் 20-ம் போதும், 24-ம் போதும். மிகச் சிறிய நட்டுகள் தாங்குவது 2 முதல் 5 கிலோநியூட்டன்தான். கேரபினர் உடையும் முன்பே நட் கம்பி அறுந்திருக்கும், அல்லது பாறை உடைந்து நட் வெளியே வந்திருக்கும்.

நண்பர் பார்க்க வேண்டியது மூன்றாவது எண். அந்த 6.5-ஐயும், கேட் திறந்த நிலையின் குறைந்தபட்சமான 7-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடைவெளி மிகவும் சிறிது. டிராட் ஏற்றத்தில் கேட் திறப்பதற்கு வழிகளும் அதிகம். விரிசலின் விளிம்பில் கேட் அழுந்தித் திறக்கலாம். கயிறு வேகமாக ஓடும் அதிர்வில் கேட் படபடக்கலாம். கேரபினரின் முதுகு பாறையில் மோதும்போது கேட் மட்டும் பின்தங்கித் திறந்து மூடலாம். ஆகவே ஒரே எடையில் இரண்டு கேரபினர் இருந்தால், கேட் திறந்த நிலைக்கு 9 அல்லது 10 போட்டதையே எடுங்கள். எடையைக் குறைக்க வடிவமைப்பாளர்கள் முதலில் கைவைப்பது பெரும்பாலும் இந்த எண்ணில்தான்.

இன்னொன்றும் உண்டு. ஆய்வகத்தில் கேரபினரை 12 மி.மீ. உருண்டைக் கம்பிகளை வைத்து இழுத்துச் சோதிக்கிறார்கள். விசை முழுவதும் முதுகை ஒட்டியே போகிறது. அகலமான பட்டையை மாட்டினால் அது வளைவு முழுக்கப் பரவி விசையைக் கேட் பக்கம் தள்ளிவிடும். சிறிய கேரபினரில் இது இன்னும் அதிகம். எனவே சிறிய கேரபினருக்கு ஒடுக்கமான பட்டையே பொருத்தம்.

மலிவு விலைக் கேரபினர் பற்றி: எண்ணை எவர் வேண்டுமானாலும் உலோகத்தில் பொறிக்கலாம். தயாரிப்பாளர் பெயர், ஈ.என். 12275 என்ற தரக்குறி, சி.ஈ. முத்திரை, அதையடுத்து நான்கு இலக்க எண், தொகுதி எண் அல்லது வரிசை எண் ஆகிய எல்லாம் இருக்கிறதா பாருங்கள். நான்கு இலக்க எண் சோதனையைக் கண்காணிக்கும் அமைப்பைக் குறிப்பது. ஒன்று குறைந்தாலும் வாங்காதீர்கள். எல்லாம் இருந்தும் விற்பவர் யாரென்று தெரியாவிட்டாலும் வேண்டாம். மலையேற்றக் கருவிகளுக்கென்றே உள்ள கடையில் வாங்குங்கள். ஊஞ்சல், பை, சாவிக்கொத்துக்கென்று விற்பதில் உயிரைத் தொங்கவிடக் கூடாது.

கே: நானும் தம்பியும் ஒன்டாரியோவில் பான் எக்கோவில் ஏறினோம். பிட்சின் கடைசியில் கயிறு நகரவே மறுத்தது. இரு கையாலும் இழுத்து இழுத்து ஏற வேண்டியிருந்தது. தம்பி மேலே வந்து பார்த்தால், கீழே வைத்த இரண்டு நட்டுகள் விரிசலிலிருந்து கழன்று கயிற்றோடு தொங்கியிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் 12 செ.மீ. குயிக்டிராவே போட்டிருந்தோம். – வாசகர், டொரன்டோ

ப: இரண்டு தொல்லைக்கும் வேர் ஒன்றே: கயிறு நேராகப் போகவில்லை. டிராட்டில் விரிசல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் நட் வைக்க முடியும், அதனால் பாதை இடமும் வலமும் அலையும். ஒவ்வொரு வளைவிலும் உராய்வு கூடுவது மட்டுமில்லை, பெருகிக்கொண்டே போகும். நான்கைந்து வளைவுக்குப் பிறகு கயிறு பாறையில் ஒட்டியதுபோல் ஆகிவிடும். விறைத்த கயிறு தன்னை நேராக்கிக்கொள்ளப் பார்க்கும்போது வளைவில் இருக்கும் நட்டைப் பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் இழுக்கிறது. நட் கீழ்நோக்கிய இழுப்புக்கு மட்டுமே பிடித்துக்கொள்ளும் பொருள். மேலே இழுத்தால் கழன்றுவிடும். குட்டைக் குயிக்டிரா அந்த அசைவை அப்படியே நட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நீளமான ஸ்லிங் அதைத் தானே வாங்கிக்கொள்ளும்.

உங்களுக்கு வேண்டியது 60 செ.மீ. ஸ்லிங்கில் செய்த நீட்டும் குயிக்டிரா. செய்முறை இது. ஸ்லிங்கின் இரு முனையிலும் ஒவ்வொரு கேரபினரை மாட்டுங்கள். கீழ்க் கேரபினரைத் தூக்கி, மேல் கேரபினரின் வளையத்துக்குள் நுழைத்து மறுபக்கம் கீழே இழுங்கள். இப்போது ஸ்லிங்கின் நடுவில் ஒரு மடிப்பு தொங்கும். நுழைத்து எடுத்த கேரபினரை அந்த மடிப்பின் இரண்டு இழைகளிலும் சேர்த்து மாட்டிவிடுங்கள். மூன்று மடிப்பாகி 20 செ.மீ. நீளத்தில் இடுப்பில் தொங்கும். நீட்ட வேண்டியபோது ஒரு முனைக் கேரபினரிலிருந்து ஏதாவது ஒரே ஒரு இழையை மட்டும் விட்டு மற்ற இரண்டையும் கழற்றி இழுத்தால் 60 செ.மீ. முழுதும் வந்துவிடும். நட்டில் மாட்டிய பிறகு கயிற்றுப் பக்கத்தில் கழற்றுவதே எளிது. வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு, ஒரே கையால் செய்து பழகுங்கள். இரண்டு கையும் ஓய்வாக இருக்கும் இடத்தில் நட் வைக்கும் வாய்ப்பு எப்போதும் கிடைக்காது.

இந்த ஸ்லிங்கில் கேரபினரை இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் வளையத்தை ஒருபோதும் போடாதீர்கள். நீளமான திறந்த ஸ்லிங் புரளும்போது அதன் மடிப்பு ஒன்று கேரபினருக்குள் தானாக மாட்டி, பிறகு உண்மையான முனை கழன்றுவிட்டால், கேரபினர் வெறும் ரப்பரில் மட்டும் தொங்கும். பார்வைக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும், அதுதான் ஆபத்து. 2013-ல் பிரான்சின் ஓர்பியேர் பாறையில் 12 வயது இத்தாலியச் சிறுவன் ஒருவன் விழுந்து இறந்தது குயிக்டிராக்களைத் தவறாகச் சேர்த்திருந்ததால். அவை சாதாரண ஸ்போர்ட் குயிக்டிராக்கள்தான். கேரபினர் பட்டைக்குள் போகாமல் ரப்பருக்குள் மட்டும் போயிருந்தது. ரப்பர் எடையைத் தாங்கும் பொருளே அல்ல. குட்டையான, நடுவில் தைத்த பட்டையில் கயிற்றுப் பக்கம் மட்டும் ரப்பர் இருக்கலாம்; அங்கும் ஒவ்வொன்றையும் கையால் இழுத்து, கேரபினர் பட்டைக்குள் இருக்கிறதா என்று பார்த்த பிறகே இடுப்பில் மாட்டுங்கள்.

எங்கே நீட்டுவது? நட் என்றால் ஏறக்குறைய எப்போதும் நீட்டுங்கள். கேம் அசைவைக் கொஞ்சம் பொறுக்கும். ஆனாலும் கயிறு அசைத்தால் விரிசலுக்குள் நடந்து நடந்து ஆழத்துக்குப் போய்ச் சிக்கிக்கொள்ளும். கூரைபோல் நீட்டிய பாறைக்கு அடியில், பாதை பக்கவாட்டில் திரும்பும் மூலையில், நேர்க்கோட்டிலிருந்து ஒதுங்கிய விரிசலில் கட்டாயம் நீட்ட வேண்டும். டி.எம்.எம். டிராகன் போன்ற சில கேம்களில் ஸ்லிங் இரட்டையாக மடிந்தே வருகிறது. அதை நீட்டிவிட்டால் பல இடங்களில் தனிக் குயிக்டிராவே தேவைப்படாது. எடை குறைக்க இதுவும் ஒரு நல்ல வழி.

முதல் நட்டில் தனிக் கவனம் வேண்டும். பிலே பிடிப்பவர் பாறையை விட்டுத் தள்ளி நின்றால், மேலே ஒருவர் விழும்போது கயிறு இறுகி முதல் நட்டை வெளிப்புறமாகப் பிடுங்கும். அது போனால் அடுத்தது, பிறகு அதற்கடுத்தது என்று வரிசையாகக் கழன்றுகொண்டே போகும். அந்த இடத்தில் எந்தப் பக்கம் இழுத்தாலும் நிற்கும் கேம் வையுங்கள், அல்லது எதிரெதிர் திசையில் இரண்டு நட்டுகளை இணைத்து வையுங்கள். பிலே பிடிப்பவரும் பாறையை ஒட்டியே நிற்கட்டும்.

நீட்டுவதற்கும் ஒரு விலை உண்டு. 20 செ.மீ. குயிக்டிராவை 60 ஆக்கினால் விழும் தூரம் 80 செ.மீ. கூடும். கீழே திண்டு இருக்கிறது, கணுக்கால் மோதும் என்ற இடத்தில் கேம் வைத்துக் குட்டையாக மாட்டுவதே நல்லது. அலைந்து போகும் பாதைகளில் அடிக்கடி ஏறப்போகிறீர்கள் என்றால் ஹாஃப் ரோப் (இரண்டாகச் சேர்த்துப் பயன்படுத்தும் மெல்லிய கயிறு) இரண்டு வாங்குவதைப் பற்றியும் யோசியுங்கள். இடப்பக்கத்து நட்டுகளுக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று என்று மாட்டினால் இரண்டும் நேராகவே போகும். பிரிட்டனில் டிராட் ஏறுபவர்கள் பலர் அப்படித்தான் போகிறார்கள்.

கே: வயர்கேட்டா, கீலாக்கா? ஒவ்வொருவர் ஒன்று சொல்கிறார்கள். – வாசகர், சென்னை

ப: இரண்டும் இரண்டு வேறு தொல்லைக்கு மருந்து. வயர்கேட்டின் கேட் வெறும் கம்பி. எடை குறைவு, கேட் படபடத்துத் திறப்பதும் குறைவு, பனியில் உறைந்து நிற்பதும் குறைவு. ஆனால் சாதாரண வயர்கேட்டின் மூக்கில் (கேட் வந்து மூடும் முனையில்) கம்பி உட்காரக் கொக்கிபோல் ஒரு வெட்டு இருக்கும். நட் கம்பியிலிருந்து கழற்றும்போது அந்தக் கொக்கி கம்பியில் மாட்டும். பின்னே வருபவர் அதைப் பிடித்து ஆட்டி ஆட்டியே களைத்துப்போவார். அதைவிடக் கேடு, மூக்கு மட்டும் போல்ட் தகட்டிலோ நட் கம்பியிலோ தொற்றிக்கொண்டு, கேட் திறந்தபடி நின்றுவிடுவது. அந்த நிலையில் கேரபினரின் வலு மூடிய நிலையின் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். சிறிய விழலே அதை விரித்துவிடப் போதும். கீலாக் மூக்கில் வெட்டு கிடையாது, வழுவழுவென்று இருப்பதால் எதிலும் மாட்டாது.

இரண்டையும் சேர்த்துத் தருபவையும் உண்டு. வைல்ட் கன்ட்ரி ஹீலியமும் பிளாக் டயமண்ட் ஹூட்வயரும் கொக்கியை மூடி மறைத்த வயர்கேட்டுகள். பெட்சில் ஆஞ்ஜில் ஒற்றைக் கம்பி மூக்கின் துளைக்குள் போய் உட்காரும். விலை கூடுதல். எல்லாவற்றுக்கும் கொடுக்க முடியாவிட்டால், நட் பக்கத்துக் கேரபினருக்கு மட்டும் கொடுங்கள், கயிற்றுப் பக்கத்துக்குச் சாதாரண வயர்கேட்டே போதும். நட்டுகளைக் கொத்தாகத் தொங்கவிடும் கேரபினருக்கு மட்டும் கண்டிப்பாகக் கீலாக் வேண்டும். அங்கே ஐந்தாறு கம்பிகள் சேர்ந்து இருக்கும், கொக்கி இருந்தால் ஒன்றை எடுக்கப் போய் இரண்டு வரும், ஒன்று கீழே விழும்.

கே: டைனீமா ஸ்லிங் எடை குறைவு என்பது சரி. அதையே எல்லா வேலைக்கும் வைத்துக்கொள்ளலாமா? – வாசகி, கோயம்புத்தூர்

ப: குயிக்டிராவுக்குத் தாராளமாக. விழும் வேகத்தைக் கயிறு நீண்டு வாங்கிக்கொள்வதால் ஸ்லிங் நீள வேண்டிய அவசியமில்லை. 8 மி.மீ. டைனீமாவும் 16 மி.மீ. நைலானும் ஒரே தரத்தில், 22 கிலோநியூட்டன் தாங்குமாறு செய்யப்படுபவைதான். டைனீமா தண்ணீரை உறிஞ்சாது என்பதும் நல்லது. எங்கே வேண்டாம் என்றால்: முடிச்சுப் போட வேண்டிய இடத்தில் வேண்டாம், வழுக்கும் இழை என்பதால் முடிச்சில் வலு பாதியளவுக்கும் குறையலாம். பிலே இடத்தில் உங்களை நேரடியாகக் கட்டிக்கொள்ளவும் வேண்டாம். அது ஏறக்குறைய நீளாத பொருள். ஆங்கருக்கு (உங்களைக் கட்டியிருக்கும் பிடிமானத்துக்கு) மேலே ஏறி நின்று, ஸ்லிங் தொய்ந்திருக்க, அங்கிருந்து ஒரு அடி வழுக்கினாலே விசை மிகக் கடுமையாக ஏறும். அங்கே கயிற்றையே குளோவ் ஹிட்ச்சில் கட்டிக்கொள்ளுங்கள். உருகுநிலையும் குறைவு, 145 டிகிரிக்கு அருகில். நைலானுக்கு 220-க்கு மேல். அதனால் கயிறு ஸ்லிங்கின்மேல் நேரடியாக ஓடும்படி எந்த ஏற்பாடும் கூடாது, நைலானாக இருந்தாலும்கூட. நட்டின் கம்பியில் ஸ்லிங்கை நேரடியாகக் கோத்து முடியவும் கூடாது, மெல்லிய கம்பி பட்டையை அறுக்கும். நடுவில் எப்போதும் ஒரு கேரபினர் வேண்டும்.

கே: ஏறுவதை நிறுத்திவிட்ட ஒருவர் தம் குயிக்டிராக்களைப் பாதி விலைக்குத் தருகிறார். ஒரு கேரபினர் கீழே விழுந்தது என்று அவரே சொன்னார். வாங்கலாமா? – வாசகர், லண்டன்

ப: உலோகத்தைப் பார்த்து வாங்கலாம். பட்டையை வாங்காதீர்கள், வெயில் எவ்வளவு பட்டது, எந்த ரசாயனம் பட்டது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. புதுப் பட்டை விலை குறைவுதான், மாற்றிவிடுங்கள். பல நிறுவனங்கள் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் பட்டைக்கு 10 ஆண்டே எல்லை என்கின்றன. அடிக்கடி ஏறுபவரின் மெல்லிய டைனீமா அதற்கு வெகு முன்பே பிசிறடித்து, விறைத்துவிடும். ரப்பருக்கு அடியில் மறைந்திருக்கும் பகுதியையும் ரப்பரை விலக்கிப் பார்க்க வேண்டும்.

கேரபினரில் பார்க்க வேண்டியவை: கேட்டைப் பாதி திறந்து விட்டாலும் தானாக மூடி மூக்கில் சரியாக உட்கார வேண்டும். ஆணி ஆடக் கூடாது, வயர் வளைந்திருக்கக் கூடாது. கயிறு ஓடும் வளைவில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பள்ளம் 1 மி.மீ. ஆழத்தைத் தொட்டாலோ, பள்ளத்தின் ஓரம் கூராக இருந்தாலோ ஒதுக்கிவிடுங்கள், அந்த ஓரம் கயிற்றையே வெட்டும். இலேசான கேரபினரில் உலோகம் மெல்லியது என்பதால் இந்த நிலை சீக்கிரம் வரும். கீழே விழுந்ததைப் பொறுத்தவரை, இடுப்பு உயரத்திலிருந்து விழுந்து, வடுவும் வளைவும் இல்லாமல் கேட் ஒழுங்காக மூடினால் பயன்படுத்தலாம். ஒரு பிட்ச் உயரத்திலிருந்து பாறையில் மோதி மோதி விழுந்தது என்றால் அதன் விலைக்காக யோசிக்க வேண்டாம், தூக்கிப் போடுங்கள்.

கே: போல்ட்டுக்கும் டிராட்டுக்கும் ஒரே குயிக்டிராவை வைத்துக்கொள்ளலாமா? கடலோரப் பாறையில் ஏறிய பிறகு என்ன செய்ய வேண்டும்? – வாசகர், கார்டிஃப்

ப: வைத்துக்கொள்ளலாம், ஆனால் பக்கத்தை மாற்றக் கூடாது. போல்ட் தகடு எஃகு. அதில் விழுந்து எழுந்த அலுமினியக் கேரபினரின் வளைவில் சிறு சிறு வெட்டுகள் விழும். அதே கேரபினரில் அடுத்த நாள் கயிற்றை ஓட்டினால் கயிற்றின் உறை பிசிறும். கயிற்றுப் பக்கத்தின் நிறத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, அந்தக் கேரபினரை எப்போதும் கயிற்றுக்கே வையுங்கள்.

பெம்புரோக், கோகார்த் போன்ற கடற்பாறைக்குப் போய்வந்தால் அன்றைக்கே வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் அலசுங்கள். கேட்டைத் திறந்து மூடி, ஆணி இருக்கும் இடத்திலிருந்து உப்பு போகும்வரை அசையுங்கள். நிழலில் முழுதும் உலர்ந்த பிறகு கேட் மூட்டில் மெழுகு அல்லது கிராஃபைட் வகை மசகைத் தொட்டு வைத்து, மிஞ்சியதைத் துணியால் துடைத்துவிடுங்கள். சாதாரண எண்ணெய் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெள்ளைப் பொடி படிந்து, மேற்பரப்பில் புள்ளிப் புள்ளியாகக் குழி விழுந்த கேரபினரைத் தேய்த்துப் பளபளப்பாக்கிப் பயனில்லை, அதை மாற்ற வேண்டும். ஈரத்தோடு பைக்குள் போட்டுக் காரின் பின்பெட்டியில் விட்டுவிடாதீர்கள். பின்பெட்டியில் பேட்டரி இருந்தால் கயிற்றையும் நைலான் பட்டையையும் அதன் அருகில் வைக்கவே கூடாது. பேட்டரி அமிலத்தின் ஆவி பட்டாலும் நைலானின் வலு போய்விடும், வெளியே எந்த அடையாளமும் தெரியாது.